ஆப்பிரிக்கக் கலைப்பொருள்களை இணையத்தில் ஏற்றுகிறவர்கள் செய்யக் கூடாதவை

கென்யக் கடற்கரைப் பகுதியில் மிஜிகெண்டா மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் கோஹு என்ற சங்கத்தைச் சேர்ந்த பெரியவர் இறந்துபோனால், அவர் நினைவாகச் செதுக்கிய மரத்தூண் ஒன்றை நடுவார்கள். ஒன்று என்றால் கிகாங்கோ, பல என்றால் விகாங்கோ. நட்டதை அசைக்கக் கூடாது. அசைத்தால் குடும்பத்துக்குக் கேடு என்பது நம்பிக்கை. நின்ற இடத்திலேயே அது மட்கிப் போக வேண்டியது.

அந்தத் தூணின் படத்தை ஏற்றிவிட்டு, அடியில் ‘ஆப்பிரிக்கப் பழங்குடிச் சிற்பம், மரம்’ என்று எழுதுவதுதான் முதல் தவறு. காணாமல் போன தூணைத் தேடும் பேரன் ‘கிகாங்கோ’ என்றுதான் தட்டுவான். அவன் கண்ணில் உங்கள் படம் படவே படாது. ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரை முதலில் போடுங்கள், அவர்கள் எழுதும் எழுத்துக்கூட்டலிலேயே. ஒருமை, பன்மை இரண்டும் இருக்கட்டும்.

பெயர் தெரியாமல் நாமே ஒன்றைச் சூட்டுவது இன்னும் மோசம். மத்திய ஆப்பிரிக்காவில் வாழும் கொங்கோ மக்களின் ‘ங்கிசி ங்கோண்டி’ மர உருவங்களில் ஆணி ஆணியாக அடித்திருக்கும். சத்தியம் செய்தபோதும் வழக்கைத் தீர்த்துக்கொண்டபோதும் அடித்தவை அவற்றில் உண்டு. ஒருவிதத்தில் அது ஊரின் ஒப்பந்தப் பத்திரம். அதைப் ‘பில்லிசூனியப் பொம்மை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் பார்க்கிறவர் எண்ணிக்கை கூடலாம்; அந்த ஊருக்கு மிஞ்சுவது அவமானம்தான்.

இடத்தைக் குழப்பாதீர்கள். ‘பெனின் வெண்கலங்கள்’ என்று பெயர்பெற்ற உலோகச் சிற்பங்கள் பெனின் நாட்டுடையவை அல்ல. 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை புகுந்து சூறையாடிய பெனின் நகரம், இன்றைய நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் இருக்கிறது. பக்கத்து நாட்டுக் கொடியைப் போட்டு ஏற்றுகிறவர்கள் ஏராளம். போதாக்குறைக்கு, அவற்றில் பெரும்பாலானவை வெண்கலமே இல்லை, பித்தளை. இதைச் சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, 2022இல் வெளிவந்த ‘டிஜிட்டல் பெனின்’ தளத்துக்குப் போங்கள். 20 நாடுகளில் 131 நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்த 5,000க்கும் மேற்பட்ட பெனின் நகரப் பொருள்களின் விவரங்களை அது வெளிவந்தபோதே ஒரே இடத்தில் சேர்த்திருந்தார்கள். எடோ மொழிப் பெயர்களும் அந்த மக்கள் வாய்மொழியாகச் சொன்ன கதைகளும் கூடவே உண்டு.

பொருள் கைமாறி வந்த கதையை மறைப்பதைத்தான் நான் பெருங்குற்றம் என்பேன். ‘நன்கொடை’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். கொடுத்தவருக்கு யார் விற்றார்? விற்றவருக்கு எங்கே கிடைத்தது? மானிடவியலாளர் மோனிகா உட்வார்டி 1985இல் ஒரு மிஜிகெண்டா பெரியவரை அவர் நட்ட இரண்டு விகாங்கோவுடன் படம் எடுத்தார். கொஞ்ச நாளில் இரண்டும் திருடு போயின. பல ஆண்டுகள் கழித்து அவை அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருப்பதைக் கண்டுபிடித்தார்; அந்தப் பழைய படமே சாட்சி. 2006இல் ஒன்று, 2007இல் மற்றொன்று என இரண்டும் திரும்பிவந்தன. தமிழ்நாட்டுக் கோயிலில் திருடு போன ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலை பழைய படத்தால் அடையாளம் தெரிந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் நாடு திரும்பிய கதை தெரிந்தவர்களுக்கு, ஒரு பழைய புகைப்படத்தின் பலம் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தூண்கள் இன்னும் நிற்கிற இடத்தை, தொல்பொருள் புதைந்த மேட்டை வரைபடப் புள்ளியோடு ஏற்றாதீர்கள். மண்வெட்டியோடு வருகிறவனுக்கு வழி சொன்னதாகிவிடும். கைப்பேசிப் படத்துக்குள் இடக்குறிப்பு தானாகவே பதிந்திருக்கலாம். ஏற்றுமுன் அதை நீக்குங்கள்.

‘எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடுவோம்’ என்பது நல்லெண்ணத்தில் வரும் தவறு. ஆப்பிரிக்கப் பொருள்களைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பிரான்சில் 2018இல் வெளிவந்த சார்–சவோய் அறிக்கை, அவற்றை மின்னாக்கம் செய்து கட்டணமின்றித் திறந்துவைக்கச் சொன்னது. அடுத்த ஆண்டே நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையெழுத்திட்டு மறுமொழி எழுதினார்கள்: படம் எடுக்கலாமா, யார் பார்க்கலாம் என்பதைப் பொருளுக்குரியவர்களே முடிவு செய்யட்டும் என்று. நியாயம்தானே? சடங்குக்குள் நுழைந்தவர்கள் மட்டுமே காண வேண்டிய பொருள்கள் ஆப்பிரிக்காவில் பல உண்டு. இதற்கு நேர் எதிராக, படத்துக்குப் பதிப்புரிமை கோரி, சொந்தப் பாட்டன் செய்த பொருளின் படத்துக்கே பேரனிடம் காசு கேட்கும் இடங்களும் இருக்கின்றன. அதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும்.

இந்தப் படங்களால் வரும் வருமானத்தைப் பொருளுக்குரியவர்களோடு எப்படிப் பகிர்வது என்பது பெரிய கேள்வி, எல்லா இடத்துக்கும் ஒரே விடை கிடையாது. ஆனால் எளிதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெனின் நகரத்தின் இகுன் தெருவில் பித்தளை வார்ப்போர் பரம்பரையாக இன்றும் உலை மூட்டி வேலை செய்கிறார்கள். பழைய தலைச்சிற்பத்தின் படத்தைப் போடும்போது, இன்று அதே வேலையைச் செய்கிறவர்களைப் பற்றியும் அவர்கள் சம்மதத்தோடு இரண்டு வரி சேருங்கள். அவர்களிடம் நேரடியாக வாங்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, படத்தின் எடை. ஆராய்ச்சியாளருக்காக ஏற்றிய நாற்பது எம்பி படம், டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் கைப்பேசியில் திறக்கவே திறக்காது. சிறிய படம் ஒன்றையும் கூடவே வையுங்கள். ‘இது எங்களுடையது’ என்று சொல்ல வருகிறவர் பத்துக் கட்டங்கள் உள்ள ஆங்கிலப் படிவத்தை நிரப்பத் தேவையில்லாமல், அவர் மொழியிலேயே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப ஓர் எண்ணும் கொடுங்கள். வந்த பதிவைக் கேட்டுப் பதில் சொல்ல ஆள் வையுங்கள்.