சாஃப்ட்பால் அம்பயரா நிக்கிறீங்களா? பிளேயர்ஸ்கிட்ட இப்படி பேசுங்க

பிளேட் அம்பயரா, அதாவது பேட்டருக்குப் பின்னாடி நின்னு தீர்ப்பு சொல்றவரா நிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், மேட்ச் முழுக்க உங்க பக்கத்துலயே இருக்கிறது பாலைப் பிடிக்கிற கேட்சர்தான், அதனால அவங்ககிட்ட மெதுவா, மரியாதையா பேசுங்க, "அந்த பால் கொஞ்சம் வெளியே போச்சும்மா"ன்னு சொன்னாலே போதும், விஷயம் பால் வீசுற பிட்சர் வரைக்கும் போய் சேர்ந்துடும். கவுண்ட்டை, அதாவது பேட்டருக்கு இதுவரை எத்தனை 'பால்' (அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே போய், பேட்டர் வீசாம விட்டது), எத்தனை 'ஸ்ட்ரைக்' (எல்லைக்குள்ள வந்தது, இல்லன்னா வீசி தவறவிட்டது மாதிரி) ஆச்சுங்கிற கணக்கை, இடது கை விரல்ல பால், வலது கை விரல்ல ஸ்ட்ரைக்னு காட்டி வாயாலயும் சத்தமா சொல்லுங்க, காது சரியா கேக்காத பிள்ளைங்களும் விளையாடுறாங்க இல்லையா. இன்ஃபீல்ட் ஃப்ளைன்னா (பேஸ்ல ரன்னர்ஸ் இருக்கும்போது இன்ஃபீல்டர் சுலபமா பிடிக்கக்கூடிய மாதிரி மேல போற அடி, பிடிக்காட்டியும் பேட்டர் அவுட்) உடனே கத்தி சொல்லிடணும், லேட் பண்ணா ரன்னர்தான் பாவம், ஓடுறதா நிக்கிறதான்னு முழிப்பாங்க. கோச் கோவமா வந்தா முழுசா கேட்டுட்டு ரூல் என்னன்னு ஒரே வரியில சொல்லி கேமை ஆரம்பிச்சிடுங்க. பேஸ் பக்கம் நிக்கிற பேஸ் அம்பயர் குடுத்த முடிவைப் பத்தி கேட்டா அவர்கிட்டயே அனுப்புங்க.