குறைந்த உருப்பெருக்கத்துக்கு எந்த ஐபீஸ்?

முதலில் ஒரு வகுத்தல். ஐபீஸின் (தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லைத் தொகுதி) குவியத்தூரத்தைத் தொலைநோக்கியின் எஃப் எண்ணால் (அதன் குவியத்தூரம் ÷ முகப்பு விட்டம்) வகுத்தால், கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் விட்டம் வரும். 130 மி.மீ. விட்டம், எஃப்/5 நியூட்டோனியனில் (ஆடி வைத்த தொலைநோக்கி) 32 மி.மீ. பிளாஸல் (ஐபீஸில் ஒரு வகை) போட்டால் 6.4 மி.மீ. ஐம்பதைத் தாண்டியவர்களின் கண்பாவை பெரும்பாலும் அவ்வளவு விரியாது. மிச்ச ஒளி வீண். நாகர்கோவில் மொட்டைமாடியில் வானமும் வெளுத்துத் தெரியும். அங்கே 25 மி.மீ. போதும்: 26 மடங்கு, ஏறக்குறைய 2 பாகை அகலம். கார்த்திகை விண்மீன் கூட்டம் மட்டுமட்டாக அடங்கும்.

1200 மி.மீ. குவியத்தூரம், எஃப்/8 தொலைநோக்கிக்கு 32 மி.மீ.தான் சரி. 40 மி.மீ. வாங்கினால் கூடுதல் வானம் தெரியும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். ஐபீஸின் 1.25 அங்குலக் குழல் காட்சிக்குச் சுமார் 27 மி.மீ.க்கு மேல் இடம் தராது. காட்சி வட்டம் சுருங்கும், அவ்வளவே.

சோதிக்க ஒமேகா சென்டாரி என்ற கோள விண்மீன் கொத்து நல்லது. மே நடுவில் இரவு 10 மணியளவில், குமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்தில் தெற்கே கடலுக்கு மேல் சுமார் 34 பாகை உயரத்தில் நிற்கும். கலங்கரை விளக்கின் ஒளி கண்ணில் படாத இடமாகப் பாருங்கள்.

உப்புக்காற்று பட்ட வில்லையை உலர்துணியால் தேய்க்காதீர்கள், பூச்சு கீறும். முதலில் ஊதுகுமிழ், பிறகு மூடி போட்டு, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில்.