டோக்கியோவின் பிரெஞ்சு பிஸ்ட்ரோவில் மதியச் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவில் நல்ல பிரெஞ்சுச் சாப்பாடு சாப்பிட வேண்டும், ஆனால் கையைக் கடிக்கக் கூடாது என்றால் மதிய வேளையில் பிஸ்ட்ரோ எனப்படும் சின்ன, எளிமையான பிரெஞ்சு உணவகத்துக்குப் போவதுதான் சரியான வழி. இரவில் ஒருவருக்கு 8,000 யென்னைத் தாண்டக்கூடிய கடையில், அதே சமையல்காரர் கையால், மதியம் 2,000 முதல் 3,500 யென்னுக்குள் ஸ்டார்ட்டர், மெயின், பல இடங்களில் இனிப்பும் காபியும் சேர்த்தே சாப்பிட்டுவிடலாம்.

இதற்குப் பேர்போன இடம் ககுராசாகா. ஈதாபாஷி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மேலே ஏறிப் போகும் சரிவுத் தெரு, அதிலிருந்து பிரியும் கல் பாவிய சந்துகள். ஒரு காலத்தில் கெய்ஷாக்களின் (ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் பெண் கலைஞர்கள்) விருந்து இல்லங்கள் நிறைந்திருந்த பகுதி இது. பக்கத்திலேயே பிரெஞ்சுக் கலாசார மையம் 1950களிலிருந்து இருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளி ஒன்றும் 2012 வரை ஈதாபாஷியில் இயங்கியது. பிரெஞ்சுக் குடும்பங்கள் இங்கே குடிவர, அவர்களைத் தொடர்ந்து கடைகளும் வந்தன.

போகும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த பிஸ்ட்ரோக்களில் பல மிகச் சிறியவை. பதினைந்து, இருபது இருக்கைகள். அடுப்படியில் ஒருவர், பரிமாற ஒருவர். பெரும்பாலும் கணவனும் மனைவியும். அன்று எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் காலையில் காய்கறியும் இறைச்சியும் வாங்குகிறார்கள். வெளியூர்க்காரர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதை அறியாததால் வருபவைதான்.

முதலில் நேரம். சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டரை மணிக்குச் சாவகாசமாகச் சாப்பிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். பொதுவாக 11:30க்குத் திறந்து, இரண்டு மணிக்குள் கடைசி ஆர்டரை எடுத்துவிடுவார்கள். சில இடங்களில் ஒன்றரைக்கே முடிந்துவிடும். அப்புறம் மாலை ஐந்தரை, ஆறு மணி வரை கதவு சாத்தியிருக்கும். இரவுக்கான தயாரிப்பு நடக்கும். பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் வரும் என்பதால், 11:30 அல்லது ஒரு மணிதான் நிம்மதியாகச் சாப்பிட ஏற்ற நேரம். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகள் நிறைய உண்டு. வார நாளில் மதியச் சாப்பாடே போடாத கடைகளும் உண்டு. இன்னொன்று: ககுராசாகாவின் முதன்மைத் தெருவில் வார நாட்களில் 12 முதல் 1 மணி வரையும், ஞாயிற்றுக்கிழமைகளில் மதியத்திலிருந்து மாலை வரையும் வண்டிகளை விடுவதில்லை. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் டாக்ஸி வாசலில் இறக்கிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஏற்றம் கொஞ்சம் கடினமானது.

இரண்டாவது, முன்பதிவு. மதியம்தானே, நேரே போய் நின்றுகொள்ளலாம் என்று நினைப்பது தவறு. நான்கு பேராகப் போனால் அந்தச் சின்னக் கடையில் கால்வாசி இடம் உங்களுக்கே போய்விடும். இணையத்தில் பதிவு செய்யலாம். தொலைபேசி மட்டுமே உள்ள கடை என்றால், தங்கியிருக்கும் ஹோட்டல் வரவேற்பறையில் கேட்டால் பேசித் தருவார்கள். ஆனால் முன்பதிவு செய்யாமல் போவதைவிடப் பெரிய தவறு, செய்துவிட்டுப் போகாமல் இருப்பது. இரண்டு மூன்று கடைகளில் இடம் பிடித்து வைத்து, அன்று தோன்றும் இடத்துக்குப் போகும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான்கு பேர் வராவிட்டால் அன்றைய வருமானத்தில் பெரிய பகுதி போய்விடும், வாங்கிய பொருளும் வீண். அதனால்தான் பல கடைகள் கடைசி நேர ரத்துக்கு முழுத் தொகையும் கேட்கின்றன, அது நியாயம்தான். பத்து நிமிடம் தாமதமானாலும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்போது நமக்கு மிக முக்கியமான விஷயம்: எதைச் சாப்பிட மாட்டோம் என்பதை மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்வது. பிரெஞ்சுச் சமையலில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. காய்கறி சூப் என்று வருவதில் கோழி எலும்புச் சாறு இருக்கலாம். முட்டையும் க்ரீமும் ஊற்றிச் சுடும் கீஷில் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பது வழக்கம். மதிய ஸ்டார்ட்டராக அடிக்கடி வரும் 'பாத்தே தெ காம்பாஞ்' பன்றி இறைச்சியை அரைத்துச் சுட்டது. மாட்டிறைச்சி வேண்டாம் என்று கோழி வாங்குகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: மேலே ஊற்றும் பழுப்பு நிறச் சாஸ் கன்றுக்குட்டியின் எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாற்றில் செய்ததாக இருக்கலாம். இனிப்பிலும் உண்டு. மூஸ், பவரோவா, ப்ளாமாஞ்ச் போன்றவற்றை இறுக வைப்பது பெரும்பாலும் ஜெலட்டின். அது விலங்குகளிடமிருந்து எடுப்பது. க்ரெம் ப்ரூலேவில் முட்டை, பால், க்ரீம், சர்க்கரைதான் என்பதால் முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு அது பரவாயில்லை. மது தொடாதவர்கள் சாஸில் ஒயினும் கேக்கில் ரம்மும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. மீனோ மீன் சாறோ பரவாயில்லை என்று ஜப்பானில் பலர் எடுத்துக்கொள்வார்கள். மாடு, பன்றி, கோழி, மீன், இறால், எலும்புச் சாறு, ஜெலட்டின் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, ஜப்பானிய மொழியில் மொழிபெயர்த்து, முன்பதிவின்போதே அனுப்பிவிடுங்கள். முன்பதிவுப் படிவத்தில் ஒவ்வாமை, பிடிக்காத உணவு பற்றிக் கேட்கும் இடம் பெரும்பாலும் இருக்கும். அதை வெறுமனே விட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் முன்பு தெரிந்தால், அழகான காய்கறித் தட்டு ஒன்றைச் செய்து தரும் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். முடியாது என்றால் அதையும் முன்பே நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள். சாஸ் காலையிலேயே தயாராகிவிடும் சமையல் இது. மதியம் ஒரு மணிக்கு 'அந்தச் சாறு இல்லாமல் செய்து தர முடியுமா' என்று கேட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு இதே தெருப்பக்கம் வேறு வழியும் உண்டு. பிரான்ஸின் பிரித்தானி (Brittany) பகுதியைச் சேர்ந்த பெர்த்ரான் லார்ஷே 1996 இல் ககுராசாகாவில் தொடங்கிய 'லெ ப்ரெதாஞ்' கடை, பக்வீட் என்ற தானியத்தின் மாவில் மெல்லிசாகச் சுடும் கலெத்துக்குப் பெயர்பெற்றது. முட்டை, சீஸ், ஹாம் (பன்றி இறைச்சி) வைத்து மடிப்பது வழக்கமான வகை; ஹாம் வேண்டாம் என்று சொல்லலாம். பக்வீட் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்து மெனு. மதியத்தில் பெரும்பாலும் செட்தான்: ஏ என்றால் ஸ்டார்ட்டரும் மெயினும், பி என்றால் இனிப்பும் சேர்ந்தது என்பது போல. ஒவ்வொரு பிரிவிலும் மூன்று நான்கு இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பதார்த்தத்தின் பக்கத்தில் +500 என்று போட்டிருந்தால் அதற்குக் கூடுதலாக 500 யென். இதைக் கவனிக்காமல் மூன்றிலும் கூடுதல் விலை உள்ளதையே எடுத்துவிட்டு, பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. ஒரு செட்டை வாங்கி இருவர் பகிர்ந்துகொள்வது இங்கே நடக்காது; ஆளுக்கொரு செட் என்பதுதான் வழக்கம். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பதைப் படிக்க முடியவில்லை என்று விட்டுவிடாமல் கேட்டுப் பாருங்கள். அன்று சந்தையில் கிடைத்த மீனும் பருவக் காயும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சின்னக் குழந்தைகளை அனுமதிக்காத கடைகளும் உண்டு; அதை முன்பதிவின்போது கேட்டுவிடுவது நல்லது.

மேசையில் ஒரே ஒரு கத்தியும் முள்கரண்டியும் இருந்தால், ஸ்டார்ட்டர் முடிந்ததும் அவற்றைத் தட்டில் விடாமல் பக்கத்தில் இருக்கும் சின்னத் தாங்கியில் வையுங்கள்; மெயினுக்கும் அதேதான். முள்கரண்டி பழக்கமில்லாதவர்கள் சாப்ஸ்டிக் குச்சி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மீதியைக் கட்டித் தரச் சொன்னால், உணவு கெட்டுவிடும் என்ற பயத்தில் பல கடைகள் மறுத்துவிடும்.

டிப்ஸ் வைக்க வேண்டாம். வைத்தால் மறந்துவிட்டுப் போனதாக நினைத்துத் தெருவில் ஓடிவந்து கொடுப்பார்கள். 2021 ஏப்ரலிலிருந்து 10 சதவீத நுகர்வு வரியையும் சேர்த்த மொத்த விலையைக் காட்டுவது சட்டப்படி கட்டாயம். வரியில்லா விலையும் பக்கத்தில் அச்சாகியிருக்கலாம் என்பதால் எது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைகளில் வாசலருகே இருக்கும் கல்லாவில்தான் பணம் கட்ட வேண்டும், ஆளாளுக்குப் பிரித்துப் போடச் சொல்வதானால் எழுந்திருக்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. செவன்-இலெவன் கடைகளில் உள்ள ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும்; சாப்பிடப் போகும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.