மே மாதத்தில் எண்ணாதீர்கள்: எச்.ஐ.வி. பரவலைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பாம்பனுக்குப் போய்ப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்பதால் விசைப்படகுகள் வரிசையாக நங்கூரமிட்டுக் கிடக்கும். நிழலில் நாலைந்து பேர் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படகுகளில் ஓடிய மற்றவர்கள்? சிலர் கேரளத் துறைமுகங்களில், சிலர் கட்டட வேலையில். அந்த மாதத்தில் களக்கணக்கு எடுத்து, அடுத்த ஐந்தாண்டு எச்.ஐ.வி. பரவலைக் கணித்தால் எந்த மென்பொருளாலும் அதைக் காப்பாற்ற முடியாது. ராமநாதபுரம் கடற்கரையில் கணிப்பு சறுக்குவது பெரும்பாலும் ஆளை எண்ணும் இடத்தில்தான்.

ஒரே ஆளை இருமுறை எண்ணுவதும் அடிக்கடி நடக்கிறது. பாலியல் தொழிலில் உள்ள ஒரு பெண் ராமேசுவரத்தில் இரண்டு நாள், ராமநாதபுரத்தில் மூன்று நாள் இருப்பார். இரண்டு ஊர்ப் பட்டியலையும் அப்படியே கூட்டினால் அவர் இரண்டு பேர் ஆகிவிடுவார். "இந்த வாரம் வேற எங்கெல்லாம் போனீங்க அக்கா?" என்று களப்பணியாளர் கேட்டு எழுதியிருந்தால் இந்தப் பிழை வராது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. மீனவர் என்றாலே உயர் ஆபத்துக் குழு என்று சேர்த்துவிடுகிறார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வகைப்பாட்டில் பாலியல் தொழிலில் உள்ள பெண்கள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசி வழியே போதை ஏற்றுவோர் ஆகியோரே அந்தக் குழுவில் வருகிறார்கள். இடம்பெயர் தொழிலாளரும் நெடுந்தூர லாரி ஓட்டுநரும் இணைப்புக் குழு, அதாவது அந்தக் குழுவிலிருந்து பொதுமக்களுக்குத் தொற்று கடக்கும் பாலம். ஆபத்து பாதுகாப்பற்ற உறவிலும் பகிரும் ஊசியிலும் இருக்கிறது. சாதியிலோ தொழிலிலோ இல்லை. ஒரு குப்பத்தின் மேல் முத்திரை விழுந்துவிட்டால் அங்கே பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். அப்புறம் யார் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு வந்து சோதனைக்கு ரத்தம் கொடுப்பார்கள்? அடுத்த ஆண்டின் தரவும் அதோடு கெடும்.

மையத்துக்கு வருபவர்களை வைத்து ஊரையே அளப்பதன் விலையை நாடே பார்த்திருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளின் தரவை அதிகம் நம்பியதால், இந்தியாவில் தொற்றுள்ளோர் 50 லட்சத்துக்கு மேல் என்று கருதப்பட்டது. தேசிய குடும்பநல ஆய்வில் சுமார் 1 லட்சம் பேரின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டு, கண்காணிப்பு மையங்களும் கூடியபின், 2007-ல் அது சுமார் 25 லட்சமாகக் குறைந்தது. இதற்கு நேர்மாறான சாய்வும் உண்டு. தொண்டு நிறுவனங்களின் தொடர்பில் இருப்பவர்களிடம் மட்டும் மாதிரி எடுத்தால், ஆணுறையே கையில் கிடைக்காதவர்கள் விடுபட்டு, நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

எண்ணிக்கை கூடினாலே பரவல் கூடிவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். ஒரு பேச்சுக்கு, சென்ற ஆண்டு 2,000 பேரைச் சோதித்து 10 பேருக்குத் தொற்று. இந்த ஆண்டு 4,000 பேரில் 18. தலைப்புச் செய்தி "ஏறக்குறைய இரு மடங்கு" என்னும். விகிதமோ 0.5 சதவீதத்திலிருந்து 0.45 ஆக இறங்கியிருக்கிறது. 2004 முதல் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் இலவசக் கூட்டு மருந்து கிடைப்பதால் தொற்றோடு நீண்ட காலம் வாழ்கிறார்கள். அதனாலும் மொத்த எண் ஏறும். புதிய தொற்று எத்தனை என்பதைத் தனியாகப் பாருங்கள்.

கடைசியாக, ஒற்றை எண்ணைத் தராதீர்கள்; இத்தனை முதல் இத்தனை வரை என்று வீச்சாகக் கொடுங்கள். அதுவும் மட்டும் போதாது. 2010-க்குள் இந்தியாவில் 2 முதல் 2.5 கோடிப் பேருக்குத் தொற்று வரும் என்று 2002-ல் அமெரிக்க உளவு மன்றம் கணித்தது. வீச்சு கொடுத்தும் கணிப்பு தவறிப்போனது. 2010-ல் எண்ணிக்கை 25 லட்சத்தை ஒட்டியே இருந்தது. ஆகவே வீச்சோடு சேர்த்து எந்த மாதம், எந்தக் கரையில், யாரை எண்ணினீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.