பள்ளியில் உங்கள் பிள்ளைக்கான உதவியை எழுத்தில் கேளுங்கள்

"பையனைக் கொஞ்சம் பார்த்துக்குங்க டீச்சர்" என்று, படிக்கவோ எழுதவோ தடுமாறும் பிள்ளைக்காக வாசலில் நின்று சொல்வது அடுத்த வருடம் டீச்சர் மாறியதும் காணாமல் போய்விடும். தேதி போட்டுக் கொடுத்த கடிதம்தான் பள்ளியில் நிற்கும்.

கடிதத்துக்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறிப்பெழுதுங்கள். "சரியாகப் படிப்பதில்லை" என்பது யாருக்கும் உதவாது. "போர்டில் இருந்த 6 வரியில் 2 வரிதான் எழுதினாள்", "வாயால் கேட்டால் 10க்கு 8 சரி, எழுதச் சொன்னால் 3" என்று எழுதுங்கள். பாடம் புரிகிறது, எழுதுவதில்தான் தடை என்பதை இந்த இரண்டாவது குறிப்பு காட்டிவிடும். சோம்பேறி, சேட்டை என்ற பேச்சும் அதோடு குறையும். கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கண்ணாடி போட்டதும் பாதிச் சிக்கல் தீர்ந்த பிள்ளைகளும் உண்டு.

குறைபாட்டை மதிப்பிடவும் அதற்கான சான்றிதழ் வாங்கவும் உங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (கோவை, பெருந்துறை போல) கேளுங்கள். கற்றல் குறைபாட்டை, அதாவது படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவதில் வரும் தடையை, பொதுவாக 8 வயதை ஒட்டித்தான் உறுதி செய்வார்கள். அதுவரை பள்ளி சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது. சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை.

கடிதம் தலைமையாசிரியருக்கு, ஒரே பக்கம், மூன்றே கோரிக்கை. முன் பெஞ்ச், போர்டில் எழுதுவதன் ஜெராக்ஸ், வகுப்புத் தேர்வில் வாய்மொழியாகப் பதில் சொல்ல அனுமதி என்பதுபோல. பத்துக் கேட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையெழுத்து, தேதி, முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியென்றால் வட்டார வள மையத்திலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக வரும் சிறப்பாசிரியர் என்றைக்கு வருவார் என்று கேட்டு, அன்றைக்கே சந்திப்பு வையுங்கள். ஒருவர் பல பள்ளிகளைப் பார்க்கிறார், தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். பனியன் கம்பெனியிலோ தறியிலோ ஷிப்ட் என்றால் தாய்மாமனையாவது கூட்டிப் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத வேண்டும். "கணக்கில் முன்னேற்றம்" என்று மட்டும் பிள்ளைக்கான திட்டத்தில் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "பொங்கலுக்குள் ஈரிலக்கக் கூட்டலில் 10க்கு 7 தானாகப் போடுவான்" என்று இருந்தால்தான் நடந்ததா இல்லையா என்று பார்க்க முடியும்.

"சிறப்புப் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போயிருங்களேன்" என்பார்கள் சிலர். உங்களுக்கு அந்த விருப்பம் இல்லையென்றால், சொந்த விருப்பத்தில் டி.சி. கேட்பதாக எழுதித் தரச் சொல்லும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டபின் புகாருக்குப் பிடி இருக்காது. வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கும் மேல் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்று போகலாம். ஒருநாள் கூலி போகும் என்பதால் கடித நகல், ரசீது, சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் இணைத்துக் கொடுத்து மனு எண்ணை வாங்கி வாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகைகளை, அதாவது கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு இவற்றை, பள்ளி திறந்த சூட்டிலேயே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள். ஜனவரியில் ஓடினால் சலுகைக்கான ஆணை வருவதற்குள் தேர்வு வந்துவிடும். ஆணை கையில் இருந்தும் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. அதுவரை எல்லாத் தேர்வையும் தானே எழுதிவிட்டு, பொதுத்தேர்வில் முதன்முறையாக இன்னொருவருக்குச் சொல்லும்போது வாய் கட்டிப்போகிறது. எந்தக் கேள்விக்கு, எங்கே புது வரி, படத்தில் எந்தப் பாகத்துக்குப் பெயர் என்று சொல்லப் பழக வேண்டும். காலாண்டுத் தேர்விலும் அரையாண்டுத் தேர்விலும் எழுதுபவரை வைத்தே எழுத அனுமதி கேளுங்கள். வீட்டில் வாரம் ஒரு கேள்வித்தாள் அக்காவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ எழுத, இவன் சொல்லட்டும்.