ரூம் பார்ட்டிக்கு ஸ்பீக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "மாமா, இத ஆர்டர் போட்டுடவா?" பொத்தேரிப் பக்கம் நாலு பையன்கள் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறார்கள். வகுப்பில் யாருக்குப் பிறந்த நாள் என்றாலும் கேக் இவர்கள் ஹாலில்தான் வெட்டப்படுகிறது. ஆளுக்கு 2,500 போட்டு 10,000 ரூபாய் சேர்த்திருந்தார்கள். படத்தில் இருந்தது ஒரு 5.1 செட். நடுவில் பெரிய கறுப்புப் பெட்டி, அதில் நீல விளக்கு, சுற்றிலும் ஐந்து குட்டிப் பெட்டிகள். 2009இல் கோவையில் நான் வாங்கி ஏமாந்த செட்டுக்குப் பேரன் மாதிரி இருந்தது. பதில் எழுதப் பொறுமை இல்லாமல் போன் போட்டுவிட்டேன்.

ஆம்ப்ளிஃபயர் கட்டுவதும் பழைய ஸ்பீக்கர்களைச் சரி பார்ப்பதும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. யோசனை கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் மாணவர்கள்தான். நான் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில் செய்கிறார்கள். பெட்டியில் அச்சிட்ட பிஎம்பிஓ என்ற ஊதிப் பெருக்கிய வாட் கணக்கை நம்பாதே, போலி பிராண்டு வாங்காதே என்பதெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பெட்டிகளை எண்ணி வாங்குவது

இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். போனது என் காசு. பீளமேட்டில் மூன்று பேர் தங்கியிருந்தோம். சாயங்காலங்களில் டேட்டா என்ட்ரி பார்த்துச் சேர்த்த 6,500 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்து 5.1 வாங்கி வந்தேன். கடையில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். ஹெலிகாப்டர் முதுகுப் பக்கமிருந்து கிளம்பித் தலைக்கு மேல் வந்தது. அவ்வளவுதான், பர்ஸைத் திறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போனைச் செருகிப் பாட்டுப் போட்டால் ஹெலிகாப்டரைக் காணோம். ஏன் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. அந்தப் பட டிவிடியில் ஆறு சேனல் ஒலி தனித்தனியாகப் பதிந்திருக்கும். போனில் நாம் போடும் பாட்டு இடம், வலம் என்று இரண்டே சேனல். வயரில் வந்தாலும் அதுதான், புளூடூத்தில் வந்தாலும் அதுதான். செட் அந்த இரண்டையும் முன்னால் கொடுத்து, அதையே நகல் எடுத்துப் பின்னாலும் கொடுத்து, இரண்டையும் கலந்து நடுப் பெட்டியில் போட்டுவிடும். பார்ட்டியில் ஓடுவது பாட்டு. ஐந்து பெட்டிக்குக் காசு கொடுத்து இரண்டு பெட்டிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பங்கீடு. செட்டின் அடியில் 90 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று போட்டிருந்தது. பொய் இல்லை. ஆனால் 40 வாட் சப்வூஃபருக்கு, அதாவது பேஸ் என்கிற அடி ஒலிக்கான அந்தப் பெரிய பெட்டிக்குப் போய்விடும். மிச்சம் 50ஐ ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 10 வாட். அந்தக் குட்டிப் பெட்டிகளுக்குள் இருப்பது அதிர்ந்து ஒலி எழுப்பும் ஒரே ஒரு 3 அங்குலக் கோன் (கூம்பு). சுமார் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் எதுவும் செய்ய முடியாது. அதனால் ஆண் குரலின் அடிப்பகுதியைக்கூட சப்வூஃபர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். விளைவு, பாடகர் தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவார், தரையில் ஒரு "தும் தும்" பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் ஓடும்.

குத்துப் பாட்டு என்றால் பேஸ்தான் எல்லாம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். பறையைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். காலை ஆடவைப்பது மெல்லிய குச்சி தோலில் விழும் அந்தச் சுளீர். அது பேஸ் இருக்கும் இடத்துக்கு வெகு மேலே இருக்கிற சங்கதி. 10 வாட்டில் மூச்சு வாங்கும் 3 அங்குலக் கோனிடம் அதைக் கேட்டால் எங்கே போகும்?

வயர் கதை தனி. பின்பக்கப் பெட்டிக்குப் போகும் வயர் எப்படிச் சுற்றினாலும் வாசற்படியைத் தாண்டியே தீரும். முதல் பார்ட்டியிலேயே ஒருவன் காலை மாட்டி இழுத்தான். ஸ்பீக்கர் ஸ்டூலிலிருந்து நேராகச் சால்னா வாளிக்குள் போனது. பரோட்டாவைத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் பதினாறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அடுத்து நடந்தது. வாங்கி 14 மாதம் ஆகியிருந்தது, வாரண்டி 12 மாதம். ஒரு ராத்திரி கரன்ட் போய் வந்ததும் செட் பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தது. டிரான்ஸ்ஃபார்மர், ஆம்ப், வால்யூம் போர்டு எல்லாம் சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "இந்த போர்டு தனியா வராது தம்பி" என்று ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார். ஆறு ஸ்பீக்கரும் உயிரோடு இருந்தன. ஆனால் ஒன்றுக்கும் உதவாது. குட்டிப் பெட்டிகளின் மின்தடை 3 ஓம்தான், அவ்வளவு குறைவானதை வேறு ஆம்பில் தைரியமாக மாட்ட முடியாது. சப்வூஃபருக்குத் தனி ஆம்ப் கிடையாது. கடைசியில் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். பெட்டி மரத்தூள் பலகை என்பதால் அதற்கு எடை கிடையாது என்று கழித்துக்கொண்டார்.

அக்கா மகனிடம் சொன்னது இதுதான்: இரண்டே பெட்டி, தனியாக ஒரு ஆம்ப். இரண்டில் எது போனாலும் மற்றது நிற்கும். அடி ஒலிக்கு 6.5 அங்குல வூஃபரும் கீச்சொலிக்கு ட்வீட்டரும் உள்ள ஒரு ஜோடி பழைய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் 5,000க்குக் கிடைத்தது. சின்ன டிஜிட்டல் ஆம்ப் 2,200, அதற்கு அடாப்டர் 800, வயர் 300. மிச்சம் 1,700ஐ சால்னாவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சப்வூஃபர் வேண்டுமென்றால் அடுத்த செமஸ்டரில் சேர்த்துக்கொள்ளட்டும். வேண்டும் என்று தோன்றாது என்பது என் கணிப்பு.

வாட்டை மட்டும் பார்ப்பது

40 வாட்டா, 50 வாட்டா என்று இரண்டு நாள் சண்டை போடுவார்கள். வித்தியாசம் 1 டெசிபல். காதுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லலாம். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் கூடும். சத்தம் இரட்டிப்பானது போல் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

இதைவிடப் பெரிய எண் ஸ்பீக்கரின் முதுகில் சின்ன எழுத்தில் இருக்கும், சென்சிடிவிட்டி என்று. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்ற கணக்கு. 84 உள்ள ஸ்பீக்கருக்கு 80 வாட் கொடுத்து வரவழைக்கும் சத்தத்தை, 90 உள்ளது 20 வாட்டிலேயே கொடுத்துவிடும். ஆம்புக்குக் காசில்லாத மாணவன் முதலில் தேட வேண்டிய எண் அதுதான். 12க்கு 15 அடி ஹாலில் இருபது பேர் ஆட, 88க்கு மேல் உள்ள ஒரு ஜோடியும் சேனலுக்கு உண்மையான 30 வாட்டும் தாராளம்.

அடாப்டரை மறப்பது

சென்னை ரிச்சி தெருவில் டிபிஏ 3116 சிப் போட்ட குட்டி ஆம்புகள் அடுக்கி வைத்திருப்பார்கள். "50+50 வாட்" என்று மேலே இருக்கும். பையன் அதை வாங்கிக்கொண்டு, வீட்டில் பழைய மோடத்தோடு வந்த 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரைச் செருகுவான். அப்புறம் சத்தம் வரவில்லை என்று எனக்கு போன்.

12ஐ 2ஆல் பெருக்குங்கள், 24 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதோடு முடியவில்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வோல்ட்டில் அந்தச் சிப் சுத்தமாகத் தரக்கூடியது சேனலுக்கு 9 வாட் போல. வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, ஓமின் இரட்டிப்பால் வகுத்தால் வரும் கணக்கு இது. அதே ஆம்புக்கு 24 வோல்ட் கொடுத்தால் 36 வாட் வரை போகும். ஆம்பை மாற்றாமல், அடாப்டரை மாற்றி நாலு மடங்கு. 24 வோல்ட் 5 ஆம்பியர் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேலே ஆசைப்பட வேண்டாம், சிப்பின் வரம்பு 26 வோல்ட்.

நீல விளக்கு

விளக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கடைசி வரை திருகுவது

சின்ன ஆம்ப்தானே, முழுசாக வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். ஸ்பீக்கர் எரிவது பெரிய ஆம்பால் மட்டும் இல்லை, சின்ன ஆம்பை நெரித்தாலும் எரியும். தன்னால் முடிந்ததற்கு மேல் கேட்டால் ஆம்ப் ஒலி அலையின் தலையைச் சீவிவிடும். அப்படிச் சீவிய அலையில் இல்லாத கீச்சுகளெல்லாம் சேர்ந்துகொள்ளும், அத்தனையும் ட்வீட்டருக்குப் போகும். அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் தலைமுடி மாதிரிக் கம்பி. சூடு தாங்காமல் பார்ட்டி நடுவிலேயே அறுந்துவிடும். யாருக்கும் தெரியாது, மறுநாள் காலையில் பாட்டு ஏன் போர்வை போர்த்திய மாதிரி இருக்கிறது என்று யோசிப்பார்கள்.

பாட்டு கரகரக்க ஆரம்பித்த இடத்தில் வால்யூம் நாப் (திருகு) மேல் ஒரு பொட்டு வையுங்கள். அதைத் தாண்டி யார் கை வைத்தாலும் அடுத்த பார்ட்டிக்கு அழைப்பு கிடையாது.

பழைய ஸ்பீக்கர் என்றால் பயப்படுவது

இந்தக் காசுக்குப் புதிதைவிடப் பழையதில்தான் நல்ல சரக்கு கிடைக்கும். முன்பக்க வலையைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். நம் ஊர் வெக்கையில் பழைய ஃபோம் ஊறிய ரொட்டி மாதிரி பிய்யும். ரப்பர் நிற்கும். பிறகு விரல்களைக் கோனில் சுற்றிலும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். பட்டு மாதிரி போய் வர வேண்டும். உள்ளே "சரக்" என்று உரசினால் கம்பிச் சுருளில் சேதம். மல்டிமீட்டர் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டும். எதுவும் காட்டவில்லை என்றால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது.

நாலு ஸ்பீக்கரை ஒரே ஆம்பில் மாட்டுவது

ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2 ஓம். ஆம்ப் சூடாகும், நிற்கும், ஒரு நாள் திரும்ப எழுந்திருக்காது.

சிவப்பையும் கறுப்பையும் மாற்றுவது

ஒரு பெட்டியில் மட்டும் வயர் மாறினால் ஒரு கோன் வெளியே வரும்போது இன்னொன்று உள்ளே போகும். பேஸ் காணாமல் போகும். இதைக் கண்டுபிடிக்காமல் புது சப்வூஃபர் வாங்கியவனை எனக்குத் தெரியும்.

பீரோ மேல் வைப்பது

வாடகை வீட்டில் உயரமான பொருள் என்றால் இரும்பு பீரோதான். அதன் மேல் ஸ்பீக்கரை வைத்தால் பீரோவும் சேர்ந்து பாடும், உள்ளே ஹேங்கர்கள் தாளம் போடும். தரையில் வைத்தால் நிற்பவர்களின் தொடைகளே மேல் ஒலியை விழுங்கிவிடும். மேஜை, அதன் மேல் ஒரு கனமான பலகை, ட்வீட்டர் ஏறக்குறைய காது உயரத்துக்கு வரட்டும். தேய்ந்த ஹவாய் செருப்பை நாலு துண்டாக வெட்டி அடியில் கொடுங்கள். இதற்கென்று விற்கும் ரப்பர் கால்களைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். சுவர் மூலையில் தள்ளி வைக்காதீர்கள். மூலை பேஸை ஊதிப் பெரிதாக்கும், அந்த பேஸ் சுவரைத் தாண்டி வீட்டு ஓனர் கட்டில் வரை போகும்.

ஓனர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. உங்கள் செட்டின் சத்தம் காம்பவுண்டு எல்லையில் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. 10 மணிக்கு பேஸ் நாபை முழுக்க இறக்கிவிட்டு, வால்யூமைப் பாதியாக்கினால் உள்ளே ஆட்டம் தொடரும், வெளியே கதவு தட்டும் சத்தம் வராது. பீளமேட்டில் இது தெரிந்திருந்தால் ஒரு வீடு மாறியிருக்க வேண்டியதில்லை.

ஃபேர்வெல்லுக்காக வாங்குவது

மொட்டை மாடியில் நூறு பேர் என்றால் இந்த ஜோடி போதாது, எந்த 10,000 ரூபாய் செட்டும் போதாது. அதற்காகச் சக்கரம் வைத்த டிராலி ஸ்பீக்கர் வாங்கி வைக்கிறார்கள். மாடியில் நன்றாகவே கத்தும். ஆனால் மிச்ச நாளெல்லாம் அறையில் அரை மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும். உள்ளே லெட் ஆசிட் பேட்டரி என்றால், செமஸ்டர் லீவில் சார்ஜ் போடாமல் விட்டுப் போன இரண்டு மாதத்தில் அதுவும் படுத்துவிடும். தெருமுனையில் மைக் செட் வைத்திருப்பவரிடம் 12 அங்குல பாக்ஸ் ஒரு ஜோடியை அந்த ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே வயரும் ஆளும் சேர்த்துத்தானே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.