வளர்ந்த பிள்ளையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெற்றோருக்கு

துக்கம் கேட்க வருகிறவர்கள் மருமகளிடமோ மருமகனிடமோ பேரப்பிள்ளைகளிடமோதான் முதலில் போவார்கள். பெற்றவர்களிடம் "நீங்கதான் தைரியமா இருந்து எல்லாரையும் பாத்துக்கணும்" என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்த வேலையை உடனே ஏற்க வேண்டியதில்லை, உங்களுக்கும் அழ இடம் வேண்டும்.

வீட்டில் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மிச்சமிருக்கும் மார்ஃபின் என்ற வலி மாத்திரை, வலிக்குத் தோலில் ஒட்டிய ஃபென்டனில் பேட்ச் எல்லாவற்றையும் மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ கேட்டு முறைப்படி ஒப்படைப்பது. உரித்துப் போட்ட பேட்சில்கூட ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்தான அளவு மருந்து தங்கியிருக்கும். துணிமணி, செருப்பு, கண்ணாடி அப்படியே இருக்கட்டும். போனை மட்டும் யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குரல் பதிவுகளை வேறொரு இடத்திலும் சேமித்துவையுங்கள்.

அப்புறம் ராத்திரியில் வரும் அந்தக் கேள்வி, "வயிற்றுவலி என்று சொன்னபோதே ஸ்கேன் எடுத்திருந்தால்?" இணையத்தில் தேடினால் இன்னும் பத்துக் கேள்விதான் முளைக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, சிகிச்சை செய்த மருத்துவரிடம் ஒருமுறை நேரம் வாங்கி நேரில் கேளுங்கள். கணையம், சூலகம் (சினைப்பை) போன்ற இடத்துப் புற்றுநோய்கள் பெரும்பாலும் முற்றிய பிறகே வெளியில் தெரிகின்றன, அதை அவர் வாயால் கேட்பது வேறு. பிஆர்சிஏ போன்ற பரம்பரை மரபணு மாற்றம் காரணமா, மற்ற பிள்ளைகளுக்குப் பரிசோதனை தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வலி முடிந்ததே என்று ஒரு நிம்மதி வந்திருக்கும், வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்த யாருக்கும் வருவதுதான் அது, பாசம் குறைந்துபோனதற்கு அடையாளமில்லை.

கணவன் மனைவி இருவரும் ஒரே மாதிரி துக்கப்பட மாட்டார்கள். ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். அழவில்லையே என்று கணக்குப் பார்க்காதீர்கள். துக்கம் மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் என்று எல்லோரும் ஒப்பிக்கிற "ஐந்து கட்டங்கள்" இருக்கிறதே, 1969-இல் மனநல மருத்துவர் குப்ளர்-ராஸ் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளை வைத்து. நாம் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தேடவே வேண்டாம்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று புதியவர்கள் கேட்பார்கள். போனவரையும் சேர்த்துச் சொல்வதா, ஆளைப் பார்த்துச் சொல்வதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், இரண்டுமே சரிதான்.

ஒரு வருஷம் தாண்டியும் அநேகமாகத் தினமும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு ஏக்கம் அழுத்தினால் மனநல மருத்துவரைப் பாருங்கள், நீடித்த துக்கத்துக்கென்றே தனிச் சிகிச்சை இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் வருஷக்கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே போங்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு.